தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்தெட்டு

பாண்டிருப்பு
2024.06.03

மதிப்புக்குரிய சாலிஹ் சேர்,

பாண்டிருப்பிலிருந்து மருதமுனைக்குத் தபாலில் கடிதம் போடுகிறேன் என்று என் அக்கா சிரிக்கிறார். நடந்தால் அரை மணித்தியாலம், தபாலில் இரண்டு நாள். சிரிக்கட்டும். தொலைபேசியில் கேட்டால் நீங்கள் "பார்ப்பம் மிஸி" என்பீர்கள். மறுபடி கேட்டால் மறுபடியும் பார்ப்பீர்கள். எனக்கு இந்த முறை எழுத்தில் பதில் வேண்டும். நீங்கள் அழைத்தாலும் எடுக்கமாட்டேன்.

மே மாதம் நடந்த மூன்றாவது அணியின் மதிப்பீட்டு அறிக்கையை நிகழ்ச்சி இணைப்பாளர் நிஸாம் தம்பி எனக்கு அனுப்பியிருந்தார். நீங்கள் எழுதிய அறிக்கைதான். பயிற்சிக்கு முன் சராசரி 91. பயிற்சிக்குப் பின் 88. அதாவது பதினாறு ஆசிரியர்களையும் என்னைப் போன்ற பத்துத் தாதியரையும் மூன்று நாள் ஒரு மண்டபத்தில் இருத்தி, பிள்ளைகளின் சீனி வருத்தத்தைப் பற்றித் தொண்டை கட்டும்வரை கதைத்து, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததில் மூன்று புள்ளியை மறக்கச் செய்திருக்கிறேன். நாளொன்றுக்கு ஒரு புள்ளி.

கொழும்பு அலுவலகத்தார் கடைசிப் பக்கத்துப் பெட்டியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். இப்பிரதேசத்தில் போதிய அறிவு ஏற்கெனவே இருக்கிறதாம், பயிற்சி பயன் தரவில்லையாம். நாலாவது அணியை நிறுத்திவிட்டார்கள்.

நாலாவது அணி யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடற்கரையோரத்துப் பாடசாலையின் ஆசிரியர்களுக்கு. அங்கே ஆறாம் தரத்தில் அப்னா படிக்கிறாள். நாளுக்கு நாலு தரம் இன்சுலின் ஊசி போடும் பிள்ளை. சீனி இறங்கினால் வியர்த்து, கை நடுங்கி, கதை குழறும். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைக்கும்வரை தாய் வாசலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று அதிபர் எழுத்தில் கொடுத்திருக்கிறார். பெப்ரவரியிலிருந்து தாய் றுகையா காலை ஏழரை முதல் ஒன்றரை மணி வரை காவலாளியின் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அந்த வீட்டில் உழைக்கிறவர் அவர் ஒருவர்தான். கைத்தறி நிலையத்தில் அவருடைய இடத்தைச் செப்டெம்பர் வரைதான் பிடித்து வைப்பார்களாம்.

நேற்று என்னைக் கேட்டார், "மிஸி, எப்ப வாறீங்க?" என்று. என்ன சொல்ல? பிள்ளையின் ரீச்சர்மாருக்கு எல்லாம் தெரியும் என்று சாலிஹ் சேர் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லவா?

இப்படிக்கு,
செல்லத்தங்கம்


மருதமுனை
2024.06.06

அன்புள்ள செல்லத்தங்கம் மிஸிக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கத் தைரியம் வரவில்லை.

முதலாவதாக, கூட்டல். இருபத்தாறு பேரின் முன் பரீட்சைப் புள்ளிகளின் மொத்தம் 2366. பின் பரீட்சையில் 2288. பென்சிலால் ஒரு தரம், பேனையால் ஒரு தரம், கணிப்பானில் ஒரு தரம் கூட்டிப் பார்த்தேன். மூன்று தரமும் அதுவே வந்தது. ஆகவே 91, 88 என்பவற்றில் பிழையில்லை.

இரண்டாவதாக, வினாத்தாள். அது எளிதாக இருந்திருக்கலாம். கடினமாகவும் இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் பின்னேரம், புரியாணி சாப்பிட்ட பிறகு, மின்விசிறி ஒன்று பழுதான மண்டபத்தில் பின் பரீட்சையை வைத்தேன். காலையில் வைத்திருக்க வேண்டுமோ என்று அன்றே நினைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். முன் பரீட்சையில் பதினேழாவது கேள்விக்கு இருபத்துநாலு பேர் ஒரே வசனத்தை எழுதியிருந்தார்கள். நல்ல ஆசிரியர்கள் ஒரே மாதிரி எழுதுவது நடக்கக்கூடியதுதான். வேறு மாதிரியும் எனக்குத் தோன்றியது. ஆனால் அறிக்கைப் படிவத்தில் சந்தேகத்துக்கு ஒரு நிரல் இல்லை. எண்களை நிரப்பி அனுப்பினேன்.

முப்பத்தொரு வருடம் பொதுப் பரீட்சை விடைத்தாள் திருத்தியவன் நான். கண்டதை எழுதுவதும் காணாததை எழுதாமல் விடுவதும்தான் எனக்குத் தெரிந்த முறை. அந்த முறையால் ஒரு தாய் வாசலில் இருக்கிறார் என்றால் அதற்கு நான் மிகவும் வருந்துகிறேன்.

அன்புடன்,
மு.இ. சாலிஹ்


பாண்டிருப்பு
2024.06.09

சாலிஹ் சேர்,

வருந்துவதற்கும் படிவத்தில் நிரல் இல்லைத்தான், ஆனால் அதை எழுதியிருக்கிறீர்கள். சந்தேகத்தை எழுத மட்டும் இடம் போதவில்லையா?

நீங்கள் "காணாததை" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பிறசர் ஏறிவிட்டது. மூன்று நாளும் பின்வரிசையில் இருந்தீர்கள். உம்மு ரீச்சர் முன் பரீட்சையில் நூறு. உங்கள் பட்டியலில் முதலாவது பெயர். அதே உம்மு ரீச்சர் முதல் நாள் பத்தரைக்கு எழும்பிக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

"மிஸி, சீனி வருத்தம் எண்டா ஒடம்புல சீனி கூடத்தானே? மறுகா என்னத்துக்கு அந்தப் பிள்ளைக்கு நாம சீனி குடுக்கிற?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நான் போனேன். ஆனால் நூறு புள்ளி எடுத்தவருக்கு அது எப்படித் தெரியாமல் போனது? எங்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். பதினைந்து வருடச் சேவையுள்ள ஒரு தாதி, முன் பரீட்சையில் தொண்ணூற்றாறு, இரத்தச் சீனி பார்க்கும் மெஷினுக்குள் பட்டியைத் தலைகீழாகச் செருகிக்கொண்டு "மிஸி, இது வேலை செய்யுதில்ல" என்றார். நீங்கள் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினீர்கள். நான் பார்த்தேன். அந்தக் குறிப்புப் புத்தகம் கொழும்புக்குப் போகவில்லை.

விடைத்தாள்களை மறுபடி எடுங்கள் சேர். அந்த இருபத்துநாலு பேரும் அந்த வசனத்தை எங்கே படித்தார்கள்? அதைக் கண்டுபிடித்து எழுதுங்கள். கண்டுபிடிக்கும்வரை வருந்த வேண்டாம்.

செல்லத்தங்கம்


மருதமுனை
2024.06.17

அன்புள்ள மிஸி,

கண்டுபிடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

பதினேழாவது கேள்வி இது: சீனி இறங்கிய பிள்ளை விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் எவ்வளவு சீனி கொடுப்பீர்கள்? இருபத்துநாலு பேரின் விடை: "மூன்று மேசைக்கரண்டி சீனியைச் சிறிதளவு நீரில் கரைத்துப் பருகக் கொடுத்தல் வேண்டும்."

நீங்கள் கற்பிப்பது மூன்று தேக்கரண்டி. எந்தக் கைநூலிலும் மேசைக்கரண்டி இல்லை. உலகத்தில் ஒரேயொரு தாளில்தான் இருந்தது. அது விடைகளோடு நான் எழுதிய புள்ளித்திட்டம்.

கடந்த நவம்பரில் முதலாவது அணி முடிந்த அன்று நீங்கள் வேலைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டீர்கள். ஆசிரியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பரீட்சை எழுதிய ஆசிரியர் விடை தெரியாமல் வீட்டுக்குப் போகமாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. புள்ளித்திட்டத்தைப் பார்த்து நான் விடைகளைச் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள். மறுநாள் காலை கைநூலோடு ஒப்பிட்டபோதுதான் மேசைக்கரண்டியைக் கண்டேன். என் கைப்பிழை. புதிய புள்ளித்திட்டம் எழுதினேன். முதலாவது அணிக்கு மட்டும் அறிவிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

அன்று எழுதியவர்களில் கணித ஆசிரியர் றாஸிக்கும் ஒருவர். அவரிடம் நேரே போய்க் கேட்கப் பயந்து, அவருடைய ரியூசன் வகுப்புக்கு முன்னால் இரண்டு தரம் நடந்தேன். மூன்றாம் தரம் அவரே கூப்பிட்டார்.

"என்ன சேர், அங்கயும் இஞ்சயும் நடக்கிறீங்க? டொக்டர் சொன்னதா?"

கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. அலுமாரியைத் திறந்து நாலு பக்கத் தட்டச்சுப் பிரதியொன்றைத் தந்தார். வினாவும் விடையும், தலைப்போடு. மூன்றாவது அணியின் ஆசிரியர்கள் எல்லோரிடமும் அது இருந்திருக்கிறது. தாதிமாருக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். அவர்களில் நாலு பேரின் கணவன்மார் ஆசிரியர்களாம்.

"சேர், ஓ எல் பிள்ளையளுக்குப் பத்து வருசத்துப் பேப்பர் குடுக்கிற நாங்க, நம்மட ஆக்களுக்கு ஒரு பேப்பர் குடுக்காம விடுறதா? முன் பரீட்சையில நாப்பது எடுத்திட்டு அதிபர்ட முகத்துல எப்பிடி முழிக்கிற?"

முன் பரீட்சை என்பது தெரியாததைத் தெரியாது என்று காட்டத்தான் என்றேன். "பரீட்சை எண்டாப் பரீட்சைதான் சேர். நீங்கதானே எங்களுக்கு அப்பிடிப் படிப்பிச்ச" என்றார். அவர் என் மாணவர். பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனித்தான் மோசமானது. மூன்றாவது அணியின் தாள்களை நான் எந்தப் புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் திருத்தினேன் என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். பழையது. மேசைக்கரண்டி உள்ளது. முன் பரீட்சையில் மேசைக்கரண்டி எழுதிய இருபத்துநாலு பேருக்கும் முழுதாக நாலு புள்ளி கொடுத்திருக்கிறேன். உங்களிடம் படித்த பிறகு அவர்களில் இருபத்திரண்டு பேர் பின் பரீட்சையில் தேக்கரண்டி என்று சரியாக எழுதினார்கள். அவர்களுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

நீங்கள் குறைத்ததாகச் சொன்ன அந்த மூன்று புள்ளியும் இதுதான் மிஸி.

சாலிஹ்


பாண்டிருப்பு
2024.06.20

சேர்,

வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். அக்கா என்னவென்று ஓடி வந்து பார்த்தார். பிறகு சிரிக்க முடியவில்லை.

ஏழு மாதமாக முதலாவது அணியின் இருபத்தாறு பேர் தலைக்குள் மேசைக்கரண்டியோடு இந்தக் கரையில் திரிகிறார்கள். சீனி கூடப் போனதால் ஒரு பிள்ளை அந்த இடத்திலேயே செத்துவிடப் போவதில்லை, அது நல்லகாலம். உங்கள் கை மருந்தின் அளவில் தவறியிருந்தால்? தாதி ஒருத்தி அளவைப் பிழையாகச் சொல்லிவிட்டு வெட்கத்தால் ஏழு மாதம் வாயைப் பொத்தியிருந்தால் அவளை என்ன செய்வார்கள் தெரியுமா? எங்களுக்கு வெட்கப்பட லீவு தருவதில்லை.

இரண்டு வேலை செய்யுங்கள். அந்த இருபத்தாறு பேருக்கும் நீங்களே தொலைபேசி எடுத்துத் திருத்தம் சொல்லுங்கள். அடுத்தது, கொழும்புக்கு எழுதுங்கள். திருத்தித் திரும்பக் கூட்டினாலும் நாலு புள்ளிதான் உயரும் என்று நானும் கணக்குப் போட்டுவிட்டேன், அந்த நாலு புள்ளியை நம்பி அவர்கள் அடுத்த அணியைத் தரமாட்டார்கள். வினாத்தாள் வெளியில் போனது, அதனால் அந்த முன் பரீட்சை ஒன்றையும் அளக்கவில்லை என்று எழுத வேண்டும். எழுத வேண்டியவர் நீங்கள். நான் எழுதினால் தன் பிழையை மறைக்கிறாள் என்பார்கள்.

செல்லத்தங்கம்


மருதமுனை
2024.06.29

அன்புள்ள மிஸி,

முதலாவது வேலை முடிந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு நாளுக்கு நாலு பேர் வீதம் அழைத்தேன். இருபத்தைந்து பேர் கிடைத்தார்கள். ஒருவர் சவூதிக்குப் போய்விட்டார், அவருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். சிலர் குறித்துக்கொண்டார்கள். ஒரு ரீச்சர் அந்தத் தாளையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர், "சேர், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும், மேசைக்கரண்டியே இருக்கட்டும்" என்றார். அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது.

இரண்டாவது வேலைக்கு ஒரு வரைவு தயாரித்திருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்துத் திருத்தித் தாருங்கள். கடினமாக இருக்கிறதோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் நான் வேறு எதற்கும் பெயர் எடுத்தவன் இல்லை. கூட்டங்களில் பேசமாட்டேன். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு இரண்டு தரம் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். சாலிஹ் சேர் திருத்திய தாளில் மறு திருத்தம் தேவைப்படாது என்று சொல்வார்கள், அது ஒன்றுதான். அதோடு, றாஸிக்கின் பெயர் வெளியில் வந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் அவரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அவருக்குப் பதவி உயர்வு வரும் நேரம்.

சாலிஹ்


பாண்டிருப்பு
2024.07.03

சேர்,

உங்கள் வரைவைத் திருத்த முடியாது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"மதிப்பீட்டுச் செயன்முறையில் சில சிறு அவதானக் குறைபாடுகள் ஏற்பட்டிருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு." யாருக்கு ஏற்பட்டது? யார் கருதுகிறார்? "வினாக்கள் தொடர்பான ஓரளவு முற்பரிச்சயம் பங்குபற்றுநர்களிடையே நிலவியிருக்கலாம்." காற்றில் நிலவியதா? ஒன்றரைப் பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லை சேர். கடைசியில் கொழும்புக்காரர் "நல்லது" என்று கோப்பில் போட்டு மூடுவார்.

றாஸிக்கின் பெயரை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் கொடுத்தது நீங்கள் சொல்லிக் கொடுத்த விடை. உங்கள் பெயரை எழுதினால் போதும். அதற்குத்தான் இந்த ஒன்றரைப் பக்கமும் பாதை சுற்றுகிறது.

உங்கள் பெயர் பெரிது என்று எனக்கும் தெரியும். நேற்று மழையில் றுகையா குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இன்னொரு வரைவு அனுப்ப வேண்டாம்.

செல்லத்தங்கம்


மருதமுனை
2024.07.10

அன்புள்ள மிஸி,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது சரி. யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

சாலிஹ்


பாண்டிருப்பு
2024.07.19

சாலிஹ் சேர்,

நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததை எழுதுகிறேன். உம்மு ரீச்சரும் றுகையாவும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிறது.

ஆஷூரா நோன்பு அன்று அப்னாவின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நோன்பாம். அவளுக்கும் ஆசை. உம்மாவிடம் சொன்னால் விடமாட்டார் என்று, காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, தந்த ரொட்டியைப் புத்தகப் பைக்குள் ஒளித்துவிட்டுப் பாடசாலைக்குப் போயிருக்கிறாள். ஊசி போட்டுச் சாப்பிடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று பார்த்து றுகையாவைத் தறி நிலையத்தில் ஒரு கையொப்பத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணிக்குப் பிள்ளை மேசையில் சாய்ந்துவிட்டாள். உடுப்பு நனைய வியர்வை. கேட்டால் "நோன்பு" என்ற சொல் மட்டும் வருகிறது. மூன்று ரீச்சர்மார் சுற்றி நின்றார்கள். ஒருவர் விசிறினார். ஒருவர் முகத்துக்குத் தண்ணீர் தெளித்தார். வாயில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. நோன்புப் பிள்ளையாம், மௌலவி சேர் வந்து சொல்லட்டுமாம். அவர் மேல்மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அன்று அங்கே தமிழ்த் தினப் பேச்சுப் போட்டி. நடுவராக வந்திருந்தவர் உம்மு ரீச்சர். சத்தம் கேட்டு வந்து, பிள்ளையைப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். விழுங்கினாளாம். உடனே தேநீர் அறைக்கு ஆள் அனுப்பிச் சீனி எடுப்பித்தார். ஒருவர் கையைப் பிடித்து, "ரீச்சர், நோன்பு முறியும்" என்றாராம்.

"முறிச்ச பாவம் என்ட கழுத்துல கெடக்கட்டும். கரண்டிய இஞ்ச தாங்க. அது இல்ல, சின்னது."

மூன்று தேக்கரண்டி. அரைக் கோப்பைத் தண்ணீர். பதினைந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறார். பிள்ளை கண்ணைத் திறந்து, "போட்டி முடிஞ்சா ரீச்சர்?" என்று கேட்டாள். பிறகு அந்த ரொட்டியைத் தின்னக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மௌலவி சேர் இறங்கி வந்தார். "வருத்தக்காரப் பிள்ளைக்கு நோன்பே இல்லையே ரீச்சர், இதுல முறிக்க என்ன இருக்கு?" என்றாராம். யாராவது மேலே போய்க் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்.

உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உம்மு ரீச்சர், முன் பரீட்சை 100, பின் பரீட்சை 96. அந்த நாலு புள்ளியும் எந்தக் கேள்விக்குக் குறைந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அதிபர் பயந்துவிட்டார். அடுத்த தவணையிலிருந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும்படி றுகையாவுக்கு வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் இன்னும் கொடுக்கவில்லை.

செல்லத்தங்கம்


மருதமுனை
2024.07.22

அன்புள்ள மிஸி,

இன்று காலை கல்முனைத் தபாலகத்தில் கொழும்புக்கான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வரைவு அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள், ஆகவே மூலத்தை அனுப்பிய பிறகே பிரதியை உங்களுக்கு அனுப்புகிறேன். முக்கியமான பகுதி இது:

"மூன்றாவது அணியின் அறிக்கை பிழையானது. அதை எழுதியவன் நான். ஒரே வினாத்தாளை மூன்று அணிகளுக்கும் பயன்படுத்தினேன். முதலாவது அணிக்கு விடைகளை நானே வாயால் சொன்னேன், அவற்றில் ஒன்று தவறு. அந்தத் தவறு மூன்றாவது அணியின் முன் பரீட்சையில் இருபத்துநாலு தாள்களில் திரும்பி வந்தது. அவர்கள் வினாத்தாளை முன்னரே படித்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. பழைய புள்ளித்திட்டத்தைக் கொண்டு திருத்தியதால் தவறான விடைக்குப் புள்ளி வழங்கி, சரியான விடைக்கு மறுத்தேன். பயிற்சியாளர் செல்லத்தங்கம் அவர்களின் கற்பித்தலில் குறை எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் ஆஷூரா தினத்தன்று செய்ததைத் தனியாக இணைத்துள்ளேன். அதற்குப் புள்ளி போட என் தாளில் கேள்வி இருக்கவில்லை."

முன் பரீட்சைத் தாள்களின் பிரதிகளைப் பெயர்களை மறைத்து இணைத்தேன். றாஸிக்கைப் பற்றி எழுதவில்லை. அவரிடம் போய், எழுதவில்லை என்றும் சொன்னேன். "உங்கட பேர மட்டும் போட்டீங்களா சேர்?" என்று கேட்டார். பிறகு மோட்டார் சைக்கிளில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

கையொப்பம் கோணலாக விழுந்துவிட்டது. வாசிக்க முடியாத கையொப்பம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்து, கீழே அச்செழுத்திலும் பெயரை எழுதினேன்.

சாலிஹ்


பாண்டிருப்பு
2024.08.14

மதிப்புக்குரிய சேர்,

நிஸாம் தம்பி நேற்று வந்தார். நாலாவது அணிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. செப்டெம்பர் ஒன்பது, பத்து, பதினொன்று. கேள்வித்தாள் கிடையாது. மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் என் முன்னால் செய்துகாட்ட வேண்டும். அதிபரும் அதுவரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். தறி நிலையத்தாரிடம் றுகையா பதின்மூன்றாம் திகதி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். உங்களைப் பார்த்துப் பழகிவிட்டேன் போலும். மதிப்பீட்டாளர் பொறுப்பிலிருந்து உங்களை எடுத்துவிட்டார்கள். கடிதம் நாகரிகமாகத்தான் எழுதியிருக்கிறார்கள், உங்கள் வரைவைப் போல. யாரும் யாரையும் எடுக்கவில்லை, "மாற்று ஏற்பாடுகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மேல் இல்லை. பிழை விட்டவர் பலர், ஒத்துக்கொண்டவர் ஒருவர், வெளியே போகிறவர் அவர்.

வரவுப் பதிவேட்டைப் பிடிக்க ஒருவர் வேண்டும். சம்பளம் இல்லை. தேத்தண்ணீர் உண்டு. வாருங்கள் சேர். மண்டபத்தின் முன்வரிசையில் இருக்க வேண்டும், அது மட்டும்தான் என் நிபந்தனை.

செல்லத்தங்கம்


மருதமுனை
2024.09.13

அன்புள்ள மிஸி,

இன்று காலை உங்களுக்கு வைத்தியசாலையில் கடமை. வாசலில் நடந்ததை நீங்கள் காணவில்லை, ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன். பதிவேட்டை அதிபரிடம் ஒப்படைக்கப் போயிருந்தேன்.

ஏழரைக்கு அதிபரே வாசலுக்கு வந்தார். அப்னாவின் வகுப்பாசிரியை ஜுனைதா ரீச்சர் பக்கத்தில் நின்றார். பயிற்சி பெற்றுவிட்டார், சான்றிதழ் இருக்கிறது, நீங்கள் இனிப் போகலாம் என்று அதிபர் றுகையாவிடம் சொன்னார். றுகையா அசையவில்லை.

"சேட்டிபிக்கட்ட சுவர்ல மாட்டுங்க சேர். எனக்கு ரீச்சர் செய்து காட்டட்டும்."

அதிபருக்கு முகம் சிவந்தது. நேற்று முன்தினம் மிஸியின் முன்னால் செய்துகாட்டித் தேறியவர் என்றார். "மிஸிட பிள்ளை இல்லையே" என்றார் றுகையா. காவலாளியின் வாங்கில் இருந்துகொண்டு ஜுனைதா ரீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் அப்னா. எனக்கு வேர்க்குது, கை நடுங்குது. நோன்பு எண்டு பொய் சொல்றன். செய்யுங்க."

ஜுனைதா ரீச்சர் கைப்பையை இறக்கிவைத்தார். மெஷினை எடுத்து, பட்டியைச் செருகி, றுகையாவின் விரலில் குத்தி, எண்ணை வாசித்தார். விழுங்கச் சொல்லிப் பார்த்தார். சீனியைக் கரைத்து நீட்டினார். றுகையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம், குடிக்கமாட்டன்."

"குடிகா மகள். கோவத்த மறுகா பார்ப்பம்."

றுகையா அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு மிடறு குடித்தார். அதன் பிறகு பதினைந்து நிமிடமும் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் போனார்கள், அப்னா தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனாள். அதிபர் கைக்கடிகாரத்தை மூன்று தரம் பார்த்தார். இருவரும் எழும்பவில்லை. பதினைந்தாவது நிமிடம் ஜுனைதா ரீச்சர் மறுபடி குத்தி, எண்ணைச் சொல்லி, பிஸ்கட் பெட்டியைத் திறந்தார். றுகையா தலையாட்டினார்.

அப்போது என்னைக் கண்டுவிட்டார். "சேர்தானே பேப்பர் போட்ட? நீங்களும் ஒருக்காச் செய்ங்க."

நான் பதிவேட்டைக் காட்டி, அது என் பொறுப்பில்லை என்றேன். அவர் விரலை நீட்டிக்கொண்டே இருந்தார். மூன்று அணிகளையும் பின்வரிசையிலிருந்தும், நாலாவதை முன்வரிசையிலிருந்தும் பார்த்தவன் நான். ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். பட்டியைத் தலைகீழாகச் செருகினேன். திருத்திச் செருகிக் குத்தினேன், இரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினேன். அதற்குள் மெஷின் தானாக அணைந்துவிட்டது.

"சேர் பெயில்" என்றார் றுகையா. சிரிக்கவில்லை. விரலைச் சேலை முந்தானையில் துடைத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவை மறித்து ஏறி, தறி நிலையத்துக்குப் போனார். வாசலில் அவர் இல்லாததைப் பார்த்துக்கொண்டு காவலாளியும் நானும் கொஞ்ச நேரம் நின்றோம்.

அடுத்த அணி தம்பிலுவிலில் என்று நிஸாம் தம்பி சொன்னார். பங்குபற்றுநர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். வயது: எழுபத்தொன்று. தொழில்: ஓய்வு. இவ்விடயத்தில் முன்னறிவு: இல்லை.

அன்புடன்,
மு.இ. சாலிஹ்